அண்ணாவின் கருவிப் பெட்டிக்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நம் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ரைடில் கூட ஓட்டிய அண்ணாவின் முதலாம் ஆண்டு நினைவாக ஆலாந்துறைப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் நடந்த சைக்கிள் பழுதுநீக்கும் முகாமும், மறுநாள் காலை சிறுவாணி சாலையில் போன நினைவுப் பயணமும் நல்லபடியாக முடிந்தன. பெயரும் படமும் போட்டுப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று வீட்டில் கேட்டுக்கொண்டதால் இந்த மடலிலும் அவர் அண்ணாவாகவே இருக்கிறார். நம்மில் யாரும் அவரை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

பிரவே என்கிற நெடுந்தூர சைக்கிள் பயணத்தில் 200 கிலோமீட்டரைப் பதிமூன்றரை மணி நேரத்திலும் 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்திலும் முடித்தாக வேண்டும் என்று நேரக் கணக்கோடு ஓட்டுகிற கூட்டத்தில் ஒருவர் அவர். ஆனாலும் வழியில் ஒரு பிள்ளை செயின் கழன்று நின்றால் இறங்கிவிடுவார். பிளஸ் ஒன்னில் அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டிகள்தான் அவருக்கு உயிர். அடிவாரத்து ஊர்களில் காலை பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு வெகுநேரம் ஆகும். சைக்கிள் ஓடினால்தான் முதல் மணிக்குப் பிள்ளை வகுப்பில் இருக்கும். அந்தச் சைக்கிள்கள் ஏன் ஷெட்டில் துருப்பிடித்துக் கிடக்கின்றன என்பதற்கு அவர் ஒரே பதில் சொல்வார்: பெரிய கோளாறு எதுவும் இல்லை, சின்னக் கோளாறைப் பார்க்க ஆளில்லை. முகாமில் வந்த வண்டிகளைப் பார்த்த எல்லோருக்கும் அது எவ்வளவு சரி என்று தெரிந்திருக்கும்.

முதல் நன்றி, வீல் ஸ்டாண்டைத் தன் டிவிஎஸ் ஃபிஃப்டியில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்த சைக்கிள் கடைப் பெரியவருக்கு. பின் சக்கரக் கோட்டம்தான் அன்றைக்கு அதிகம் வந்தது. கேரியரில் டபுள்ஸ் ஏற்றிக் குழியில் இறக்கினால் போக்ஸ் கம்பிகள் தளரும், தளர்ந்த இடத்தில் ரிம் ஒரு பக்கமாகச் சாயும். பெரியவர் காட்டிக்கொடுத்தது இதுதான். ரிம் இடப்பக்கம் ஒதுங்குகிற இடத்தில் வலப்பக்கக் கம்பிகளின் நிப்பிளை (கம்பியை ரிம்மில் பிடிக்கும் சின்ன நட்டை) கால் சுற்று முறுக்க வேண்டும், அதே இடத்தில் இடப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்று தளர்த்த வேண்டும். அவசரப்பட்டு ஒரே பக்கத்தை முழுச் சுற்று முறுக்கினால் பக்கவாட்டுக் கோட்டம் போய்விடும், ஆனால் சக்கரம் முட்டை வடிவத்துக்கு வந்து பிரேக் விட்டு விட்டுப் பிடிக்கும். கல்லூரி என்.எஸ்.எஸ். பிள்ளைகள் சாயங்காலத்துக்குள் தாங்களாகவே பெண்டு எடுக்கும் அளவுக்குக் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பொறுமைக்கும் சேர்த்துத்தான் நன்றி, ஐயா.

லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் செய்து கொடுத்த பைப்பைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த வண்டிகளில் பெரும்பாலும் பெடல் கட்டையை (பெடலைத் தாங்கும் கையை, அதாவது கிராங்கை) அச்சோடு பிடித்திருப்பது காட்டர் பின் என்கிற ஆப்பு. அது தளர்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் ‘டொக்’ என்று ஒரு ஆட்டம் கொடுக்கும். நட்டை முறுக்கிப் பின்னை உள்ளே இழுக்கப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. நட்டு இழுக்காது, மரைதான் போகும். பின்னைச் சுத்தியால் அடித்துத்தான் உட்கார வைக்க வேண்டும். நட்டு அதை நழுவாமல் பிடித்துக்கொள்ள மட்டும். அப்படி அடிக்கும்போது பெடல் கட்டைக்குக் கீழே முட்டுக் கொடுக்காவிட்டால் அடி முழுக்க உள்ளே அச்சைச் சுற்றி இருக்கும் பால்ரஸ் குண்டுகளில் இறங்கி, அவை உருளும் கப்பில் பள்ளம் விழும். பிறகு எவ்வளவு கிரீஸ் வைத்தாலும் அந்தக் கரகரப்பு போகாது. அண்ணா இதற்காகவே கனமான இரும்புப் பைப்புத் துண்டு ஒன்றை வைத்திருந்தார். தரையில் நிறுத்தினால் அதன் வாய் பெடல் கட்டையைத் தாங்கும், பின்னின் மரை முனை பைப்புக்குள் தொங்கும், அடி நேராகத் தரைக்குப் போய்விடும். லேத் நண்பர் அதே மாதிரியில், வண்டி உயரத்துக்கு ஏற்ப மூன்று அளவில் வெட்டி, முனைகளைச் சமமாகக் கடைந்து கொடுத்தார். முகாமில் ஒரு கப்புகூடக் கெடவில்லை என்றால் காரணம் அவர்.

காட்டர் பின்னில் இன்னொன்றும் உண்டு. பெடல் கட்டைகள் இரண்டும் தரைக்குச் சமமாக நிற்கும்போது ஒரு பின்னின் நட்டு மேலே பார்த்தால் மற்றதன் நட்டு கீழே பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே பக்கமாகப் போட்டுவிட்டால் கட்டைகள் ஒரே கோட்டில் நிற்காது, பிள்ளை நொண்டுவது போல மிதிக்கும். ஏற்கனவே எங்கோ பழுது பார்த்து வந்த வண்டிகளில் இந்தக் கோளாறைக் கண்டுபிடித்துத் தனியாக வரிசைப்படுத்தி வைத்த பத்தாம் வகுப்புப் பையன்களின் கண்ணுக்குத் தனி நன்றி. புதுப் பின் போட்டு மைதானத்தை இரண்டு சுற்று ஓட்டி வந்தபின் மறுபடி ஒரு அடி, மறுபடி நட்டு. இந்த இரண்டாவது அடியை விட்டால் ஒரே வாரத்தில் ஆட்டம் திரும்பிவிடும். மைதானத்தில் ஓட்டிப் பார்த்துக் கொடுத்ததும் அவர்களேதான்.

பஞ்சர் மேசையை நடத்திய மூன்று அக்காமாருக்கு நன்றி. ‘பஞ்சர்’ என்று வந்த டியூபுகளில் ஓட்டையே இல்லாதவை பல. வால்வில் எச்சில் தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லி, அநாவசியமாக டியூபைக் கழற்றாமல் காப்பாற்றினார்கள். வால்வின் மேல் ஏற்றியிருக்கும் சின்ன ரப்பர் குழாயான வால் டியூப் காய்ந்து வெடித்திருக்கும். ஒரு அங்குலத் துண்டு வெட்டி, ஈரப்படுத்தி, வால்வின் பக்கத்துத் துளையை மூடும்படி ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. நிஜமான பஞ்சருக்கு அவர்கள் வைத்த ஒழுங்கு: உப்புத்தாளால் தேய்ப்பது, சொல்யூஷனை மெல்லியதாகப் பூசுவது, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை நாலைந்து நிமிடம் காத்திருப்பது, அதற்குப் பிறகுதான் பேட்ச். ஈரத்தோடு ஒட்டினால் வெயிலில் கழன்று வரும். டயருக்குள் துணியை ஓட்டிக் கருவேல முள்ளின் மிச்சத்தைத் தேடி எடுத்ததும் அவர்கள்தான். மாணவிகள் ஒவ்வொருவரும் தன் டியூபைத் தானே ஒட்டிவிட்டுத்தான் போனார்கள். அண்ணா இருந்திருந்தால் இந்த மேசையை விட்டு நகர்ந்திருக்க மாட்டார்.

பால்ரஸ் பொட்டலங்களை அளவு பிரித்து எழுதி வைத்த தம்பிக்கும் நன்றி. முன் சக்கரத்துக்கு 3/16 அங்குலம், பக்கத்துக்கு 10. பின் சக்கரத்துக்கு கால் அங்குலம், பக்கத்துக்கு 9. பெடல் கட்டைகள் மாட்டும் நடு அச்சுக்கு கால் அங்குலம், பக்கத்துக்கு 11. இடம் இருக்கிறதே என்று ஒன்றைக் கூடுதலாகத் திணித்தால் குண்டுகள் ஒன்றோடொன்று உரசித் தேயும். பழசோடு புதுசைக் கலந்தால் பருமனான புதுக் குண்டே பாரம் முழுவதையும் வாங்கி, குண்டுகள் உருளும் கூம்பான கோனைத் தின்றுவிடும். ஆகவே ஒன்று போனாலும் எல்லாவற்றையும் மாற்றினோம்; அதற்கான செலவைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட உதிரிபாகக் கடைக்காரருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இடது பெடல் மரை போன வண்டிகள் மட்டும் மனதைக் கஷ்டப்படுத்தின. இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராகத்தான் இறுகும். தெரியாமல் வலது பெடல் போலவே முறுக்கினால் கட்டையின் மரையே அறுந்துவிடும். பெடலின் அச்சு முனையில் ‘எல்’, ‘ஆர்’ என்று பொறித்திருப்பதைப் பார்த்தாலே போதும். அந்தக் கட்டைகளை எல்லாம் புதிதாக மாற்றித் தந்தாயிற்று.

நினைவுப் பயணம் பேரூரிலிருந்து மாதம்பட்டி, ஆலாந்துறை வழியாக இருட்டுப்பள்ளம் வரை. அந்தச் சாலையின் அகலத்துக்கு நீண்ட ஊர்வலம் ஆபத்து. பின்னால் வரும் பஸ் முழு வரிசையையும் ஒரே மூச்சில் தாண்டப் பார்த்து எதிர்ப்பக்கம் ஏறிவிடும். அதனால் பதினைந்து பதினைந்து பேராகப் பிரித்து, இடையில் ஒரு பஸ் ஒதுங்கி நிற்கும் அளவு இடைவெளி விட்டு, மணிக்கு 18 கிலோமீட்டரைத் தாண்டாமல் போனோம். ஒவ்வொரு குழுவிலும் கடைசி ஆளாக வந்து, பின்தங்கிய ஒருவரையும் விட்டுவிடாமல் கூட்டி வந்தவர்களுக்கு, திருப்பங்களில் நின்ற காவலர்களுக்கு, ஹாரன் அடிக்காமல் காத்திருந்த பஸ் ஓட்டுநர்களுக்கு நன்றி. இருட்டுப்பள்ளத்தில் தக்காளி சாதமும் மோரும் கொண்டுவந்த வீடுகளுக்கும் நன்றி.

அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அண்ணாவின் கருவிப் பெட்டியை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் பள்ளிக்கே கொடுத்துவிட்டீர்கள். ஸ்பேனர்களின் கைப்பிடியில் அவர் சுற்றியிருந்த பழைய டியூப் அப்படியே இருக்கிறது; யாரும் அவிழ்க்கவில்லை.

பெட்டி இப்போது பி.டி. சார் அறையில் இருக்கிறது, சாவி அவரிடம். மிச்சப் பணத்தில் ஒரு கால் பம்ப், காட்டர் பின், பேட்ச், சொல்யூஷன், ஒரு சுருள் வால் டியூப் வாங்கி, லேத் நண்பரின் மூன்று அளவு பைப்போடு உள்ளே வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை கடைசி மணியில் எந்தப் பிள்ளை வேண்டுமானாலும் வண்டியைக் கொண்டு வரலாம். சொல்யூஷன் திறந்த பிறகு சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் பெரிய டப்பா வாங்க வேண்டாம், சின்ன டியூபாக அனுப்புங்கள். புது வண்டிகள் வந்து பூட்டி முடித்த முதல் மாதத்தில் எல்லா நட்டையும் ஒரு முறை இறுக்கிப் பார்க்க ஆள் வேண்டும். வர முடிந்தவர்கள் பி.டி. சாரிடம் பெயர் கொடுங்கள்.

அன்புடன்,
ஞாயிற்றுக்கிழமை ரைடு நண்பர்கள், கோவை