அம்மாவோட அஞ்சு பாட்டு லிஸ்ட்: கச்சேரி நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

கச்சேரி நடத்துற அண்ணன்மாருக்கு வணக்கமுங்க,

கொஞ்ச நாள் முன்னாடி கோயமுத்தூர்ல நீங்க நடத்துன சித்ரா கச்சேரிக்கு பொள்ளாச்சில இருந்து எங்கம்மாவ கூட்டிட்டு வந்தவன் நான். உங்க கம்பெனி பேர இங்க போடல, போட்டா நீங்க மட்டும் திருந்துவீங்க, இல்ல கேஸ் போடுவீங்க. இது உங்க தொழில்ல இருக்கற எல்லாருக்கும்தான்.

எங்கம்மாவும் சித்ராவும் ஒரே வருஷம் பொறந்தவங்க, 1963. 'சிந்து பைரவி' கேசட் வந்தப்ப அத தேயத்தேய கேட்டு, நாடா சிக்கிக்கிட்டா பென்சில விட்டு சுத்தி மறுபடி போட்டு கேட்டவங்க. அந்தப் படத்துல 'பாடறியேன்' பாடறப்ப சித்ராவுக்கு 22 வயசுதான் இருக்கும், மொதல் தேசிய விருதும் அதுக்குத்தான். அதையும் சேத்து மொத்தம் ஆறு தேசிய விருது, 2021ல பத்மபூஷண் எல்லாம் வந்தாலும் எங்கம்மாவுக்கு இன்னமும் "அந்தப் புள்ள"தான். அந்தப் புள்ளைய ஒரு தடவையாவது நேர்ல பாக்கணும்னு சொல்லிட்டே இருந்தாங்க. ஜிஎஸ்டி, கன்வீனியன்ஸ் ஃபீஸ்னு எல்லாஞ்சேத்து ரெண்டு டிக்கெட் போட்டேன், எவ்வளவுன்னு இன்னிக்கு வரைக்கும் அவங்ககிட்ட சொல்லல.

கெளம்பறப்போ காலண்டர் தாள் பின்னாடி அஞ்சு பாட்டு எழுதி பர்ஸ்ல வச்சுக்கிட்டாங்க. சின்னக்குயில் பாடும் பாட்டு, பாடறியேன், நானொரு சிந்து, கண்ணாளனே, ஒவ்வொரு பூக்களுமே. "எதுக்கும்மா லிஸ்ட்டு, நாம கேட்டா பாடுவாங்களா"ன்னேன். "பாடறப்ப டிக் பண்ணிக்கலாம் சாமி"ன்னாங்க.

டிக்கெட்ல சாயங்காலம் 6 மணின்னு போட்டிருந்தீங்க. நாங்க அஞ்சே காலுக்கே உள்ள போயாச்சு. ஆறு மணிக்கு மேடைல ஒருத்தர் மைக்க தட்டி "செக் செக்"னு சொல்லிட்டிருந்தார். ஆறே முக்காலுக்கு தொகுப்பாளர் வந்தார், வந்தவர் கோயமுத்தூர் சத்தம் பத்தல, இந்தப் பக்கம் பத்தல, அந்தப் பக்கம் பத்தலன்னு எங்களையே கத்த விட்டுட்டிருந்தார், அப்புறம் ஒரு டான்ஸ் க்ரூப்பு. சித்ரா மேடைக்கு வர்றப்ப மணி 7:20. வந்து கையெடுத்துக் கும்புட்டு ஒரு சிரிப்பு சிரிச்சாங்க பாருங்க, அந்த நிமிஷம் நான் உங்கள மன்னிச்சுட்டேன், நெசமாத்தான் சொல்றேன்.

ஆனா எட்டரை தாண்டி நல்லா சூடு புடிச்சு போறப்ப கச்சேரிய நிறுத்தி ஸ்பான்சர் பாராட்டு விழா ஒண்ணு வச்சீங்களே, அத மன்னிக்க முடியல. பதினோரு பேருக்கு பொன்னாடை, நினைவுப் பரிசு, ஒவ்வொருத்தருக்கும் ஃபோட்டோ, அதுல ஒருத்தர் கீழ இருந்த மச்சானையும் மேல கூப்புட்டு நிறுத்திக்கிட்டார். 27 நிமிஷம். வாட்ச்ச பாத்துட்டேதான் இருந்தேன்.

ஏன் நிமிஷக் கணக்கு பாக்கறேன்னா, 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி திறந்த வெளியில ராத்திரி 10 மணில இருந்து காலைல 6 மணி வரைக்கும் ஒலிபெருக்கி போடக்கூடாது. பண்டிகை விசேஷம்னு வருஷத்துக்கு அதிகபட்சம் 15 நாள், ராத்திரி 12 மணி வரைக்கும் மாநில அரசு தளர்வு குடுக்கலாம், அவ்வளவுதான். பக்கத்துலயும் வீடு இருக்கு, கொழந்தைங்க தூங்கணும், அந்த விதிய நான் கொற சொல்லல. ஆனா 10 மணிக்கு கட்டாயம் முடிச்சாகணும்னு எங்களுக்கு முன்னாடியே உங்களுக்குத்தான தெரியும்? பின்னாடி கதவு பூட்டிருக்குன்னு தெரிஞ்சும் முன்னாடி ஒன்னேகால் மணி நேரத்த வீணடிச்சா கொறையறது பாட்டுதானுங்க. ஆறுல இருந்து பத்துன்னா 240 நிமிஷம். முன்னாடி போன 80, பாராட்டு விழா 27, நடுவுல விளம்பரம், செல்ஃபி போட்டின்னு ஒரு 20, எல்லாம் போக மிச்சம் இருந்தது ரெண்டு மணி நேரம் கூட இல்ல. அதுலயும் கூட வந்த பாடகர்ங்க பாட்டு பாதி. அவங்களும் நல்லாத்தான் பாடினாங்க, அது வேற விஷயம்.

நேரம் பத்தலன்னதும் மெட்லின்னு ஒண்ணு வந்துச்சு. ஒவ்வொரு பாட்டுலயும் பல்லவி மட்டும், அடுத்த பாட்டு, அடுத்த பாட்டு. அதுல 'பாடறியேன்'ஐயும் சேத்துட்டீங்களே, அதுதான் கொடும. அந்தப் பாட்டு எதுக்குங்க இருக்கு? நாட்டுப்புறப் பாட்டா ஆரம்பிச்சு, கடைசில தியாகராஜரோட 'மரி மரி நின்னே'ல போய் சேருமே, அதுக்குத்தான் மொத்தப் பாட்டும். காம்போதி ராகத்துல இருக்கற கீர்த்தனைய இளையராஜா சாரமதி ராகத்துல வச்சு அந்த எடத்துக்கு கொண்டாந்து சேத்திருப்பார். பல்லவியோட நிறுத்துனா, பந்தில ஒக்கார வச்சு எல போட்டு தண்ணி தெளிச்சுட்டு எந்திரிங்கன்னு சொல்ற மாதிரி. எங்கம்மா பேனா மூடியத் திறந்து வச்சுட்டு அந்த எடத்துக்காக காத்துட்டிருந்தாங்க, பாட்டு மாறிருச்சு. டிக் பண்றதா வேண்டாமான்னு என்னைப் பாத்தாங்க. பாதி டிக் போட்டாங்க, சின்னதா ஒரு கோடு.

பாடுனவங்க தப்பா இதெல்லாம்? அவங்களுக்கு குடுத்த நேரத்துல அவங்க என்ன பண்ணுவாங்க.

சவுண்டு பத்தியும் சொல்லணும். எங்க சீட்டு சில்வர் க்ளாஸ், சவுண்ட கன்ட்ரோல் பண்ற மிக்ஸர் பந்தலுக்கு நேர் பின்னாடி, மேடைக்கு பதிலா நாங்க பாத்தது அந்தப் பந்தலோட தார்ப்பாயத்தான். சரி ஸ்க்ரீன்ல பாக்கலாம்னா வாய் மொதல்ல அசையுது, சத்தம் அப்புறமா வருது. சத்தம் வினாடிக்கு 340 மீட்டர்தான் போகும், தூரத்துல ஒக்காந்தா அப்படித்தான் இருக்கும்னு தெரியும், அத சரி பண்ண பின்னாடி தனியா வைக்கற டிலே ஸ்பீக்கர், ஸ்க்ரீன்ல படத்த கொஞ்சம் தாமதமா விடறது எல்லாம் இருக்குன்னு உங்க சவுண்டு இன்ஜினியருக்கும் தெரியும். அத விடுங்க, பேஸ் நெஞ்சுல இடிக்குது, வார்த்தை காதுல விழல. சித்ரா பாட்டுல பேஸ் எதுக்குங்க அவ்வளவு? கொரல்ல வர்ற சங்கதி, நெளிவு சுளிவ கேக்க வந்தவங்க நாங்க.

'ஒவ்வொரு பூக்களுமே' அப்ப மட்டும் என்ன நெனச்சாங்களோ, ட்ரம்ஸ கொறச்சாங்க, கொரல் அப்படியே மேல வந்துச்சு. பா.விஜய்க்கும் சித்ராவுக்கும் சேத்து தேசிய விருது வாங்கிக் குடுத்த பாட்டு அது. ஆயிரக்கணக்கான செல்ஃபோன் லைட்டு எரிஞ்சுது, பக்கத்து சீட்டுல ஒரு தாத்தா அழுதுட்டிருந்தார், எங்கம்மாவுக்கு லைட்டு போடத் தெரியல, நான் போட்டுக் குடுத்ததும் ரெண்டு கையாலயும் புடிச்சுட்டு நின்னாங்க. அந்த அஞ்சு நிமிஷத்துக்கு எவ்வளவு வேணா குடுக்கலாம். அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதிட்டிருக்கேன்.

இன்னொண்ணு. எங்கம்மா அன்னிக்கு மத்தியானத்துல இருந்து தண்ணியே குடிக்கல. அங்க பாத்ரூம் எப்படி இருக்குமோன்னு பயம். அவங்க பயந்தது சரிதான், பொம்பளைங்க வரிசை எவ்வளவு நீளம்னு பாத்தேன். ஐம்பது, அறுபது வயசு பொம்பளைங்கதான் இந்தக் கச்சேரிக்கு பாதிக் கூட்டம்னு டிக்கெட் விக்கறப்பவே தெரியாதா? எங்க தண்ணி பாட்டில கேட்ல புடுங்கிட்டு உள்ள அரை லிட்டர் 50 ரூபாய்க்கு விக்கறதுக்கு மட்டும் ஆள் இருந்துச்சு.

பெருசா ஒண்ணும் கேக்கலீங்க. 6 மணின்னு போட்டா ஆறரைக்குள்ள மொதப் பாட்டு வரட்டும். பொன்னாடைய காலைல ஹோட்டல்லயே போத்திக்குங்க, ஃபோட்டோவ ஸ்க்ரீன்ல போடுங்க, நாங்க கை தட்டறோம். பத்து பாட்ட மெட்லியா போடறதுக்கு நாலு பாட்ட சரணத்தோட முழுசா பாட விடுங்க.

9:57க்கு நன்றி சொல்லி முடிச்சுட்டீங்க. 'நானொரு சிந்து' வரவே இல்ல. திரும்பி வர்றப்ப கிணத்துக்கடவு தாண்டி கார்ல அந்தப் பாட்ட போட்டேன். "வேண்டாம் சாமி, ஆஃப் பண்ணு, அத அந்தப் புள்ள பாடி நேர்ல கேட்டுக்கறேன்"ன்னுட்டாங்க. லிஸ்ட்ட இன்னும் தூக்கிப் போடல, பர்ஸ்லதான் இருக்கு.

இப்படிக்கு,
சில்வர் க்ளாஸ், மிக்ஸர் பந்தலுக்குப் பின்னாடி ஒக்காந்திருந்தவன்

பி.கு: பார்க்கிங் ரசீதுல 100ன்னு அச்சடிச்சு, பேனால 200ன்னு திருத்தியிருந்தீங்க. அதையும் பத்திரமா வச்சிருக்கேன்.