பள்ளத்தை மூடாதே

அரூர்
12.4.2025

அன்புள்ள மாதையா,

கடிதம் கிடைத்தது. பெரியவளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லோரும் சுகம், மாவில் பிஞ்சு பரவாயில்லை.

நீ எழுதியதில் ஒரு விஷயம்தான் மனசை விட்டுப் போகவில்லை. ஊத்தங்கரை நிலத்தின் ஓரத்து ஓடைப் பள்ளம் பத்து வருசமாகப் பெரும்பாலும் காய்ந்தே கிடக்கிறது, மண்ணடித்து நிலத்தோடு சேர்த்துவிட்டு, டிராக்டர் போக அடியில் ஒரு அடி விட்டமுள்ள குழாய் போட்டால் போதும் என்கிறாய். வேண்டாம் மாதையா. காய்ந்து கிடக்கிற சமவெளியில்தான் அந்தப் பள்ளம் கட்டாயம் வேண்டும்.

2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பெய்தது. நம் பக்கம் வருசம் முழுக்கப் பெய்வதே சுமார் 85 செ.மீ. ஒரு ஏக்கரில் 1 மி.மீ. மழை என்றால் 4,000 லிட்டர். அப்படியானால் அன்றைக்கு ஒவ்வொரு ஏக்கர் மேலும் 20 லட்சம் லிட்டர் விழுந்தது.

காய்ந்த மண் குடித்துவிடாதா என்று கேட்பாய். காய்ந்த மண்தான் கதவைச் சாத்திக்கொள்ளும். பயிரும் சருகும் இல்லாத செம்மண்ணில் முதல் பத்து நிமிடம் பெரிய துளிகள் அடிக்கிறபோது மண்கட்டிகள் உடைந்து தூளாகும். அந்த நைஸ் மண் துளைகளில் போய் அடைத்து, தரை மெழுகியதுபோல ஒரு மேலோடு கட்டும். நல்ல செம்மண் மணிக்கு 20-30 மி.மீ. இழுக்கும். மேலோடு கட்டிய பிறகு அதில் பாதிகூட இழுக்காது. ரோட்டவேட்டர் என்கிற சுழல் கலப்பையை மட்டும் வருசா வருசம் ஓட்டிய நிலத்தில் அரை அடிக்குக் கீழே இறுகிய தட்டு ஒன்று இருக்கும், அதற்கும் கீழே சுக்கான் என்கிற சுண்ணாம்புக் கல்லோ பாறையோ. மணல் பூமிக்கும் இதே கதிதான். ராஜஸ்தானில் பார்மர் பக்கம் வருசத்துக்கு 30 செ.மீ.கூடப் பெய்யாது. 2006 ஆகஸ்டில் அங்கே கவாஸ் என்ற கிராமம் வாரக்கணக்கில் மூழ்கிக் கிடந்தது. மணலுக்கு அடியில் இருந்த ஜிப்சத் தட்டு தண்ணீரைக் கீழே விடவில்லை.

உன் நிலத்தில் நீயே பார்க்கலாம். ஒரு அடி நீளத்தில் ஆறு அங்குல பிவிசி குழாய்த் துண்டு இரண்டு எடுத்துக்கொள். பலகை வைத்துத் தட்டி, கால்வாசி மண்ணுக்குள் இறக்கு. ஒன்று வெறுந்தரையில், இன்னொன்று புங்கமரத்துச் சருகுக்கு அடியில். முதலில் ஒரு குடம் விட்டு நனைத்துவிடு, காய்ந்த மண்ணில் எடுக்கும் முதல் அளவு ஏமாற்றும். பிறகு நான்கு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, பத்து நிமிடத்துக்கு ஒருதரம் ஸ்கேல் வைத்து ஒரு மணி நேரம் அளந்து பார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்கு எழுது.

மண் ஒரு பாதி, சரிவு மறு பாதி. மலைச்சரிவில் தண்ணீர் வந்த வேகத்தில் போய்விடும். உன் பக்கம் ஆயிரம் அடிக்கு ஓரடி சரிவு இருந்தாலே அதிகம். அந்த மாதிரி இடத்தில் இரண்டடி உயர வண்டிப்பாதையை ஓடைக்குக் குறுக்கே போட்டால், மேற்பக்கம் இரண்டாயிரம் அடி தூரத்துக்குத் தண்ணீர் தேங்கும். அணை கட்டுகிறோம் என்று நினைக்காமலேயே அணை கட்டிவிடுகிறோம்.

குழாய்க் கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டேன். உன் பள்ளத்துக்கு மேலே 100 ஏக்கர் வடிகிறது என்று வைத்துக்கொள். மணிக்கு 50 மி.மீ. மழை, அதில் பாதி ஓடினால் விநாடிக்கு கிட்டத்தட்ட 100 கன அடி. ஒரு அடிக் குழாய் நன்றாக ஓடினாலும் 5 கன அடிதான் கடத்தும். மூன்றடிக் குழாய் ஒன்று 40 கடத்தும், அப்போதும் மூன்று வேண்டும். சீமைக்கருவேல முள்ளும் பிளாஸ்டிக்கும் முதல் அரைமணியிலேயே வாயை அடைத்துவிடும் என்பதால் நான் குழாயே சொல்லமாட்டேன். பள்ளத்தின் அடிமட்டத்திலேயே கான்கிரீட் தரைப்பாலம் போடு, இரண்டு பக்கமும் சரிவாக இறக்கி ஏற்று. கீழ்ப்பக்க ஓரத்தில் மூன்றடி ஆழத்துக்குக் கல் சுவர் இறக்கவேண்டும். இல்லையென்றால் விழுகிற தண்ணீர் அடியில் குடைந்து கான்கிரீட் தளத்தைத் தூக்கிவிடும். வருசத்தில் நாலு நாள் வண்டி போகாது, போகட்டும்.

அதற்கு முன்னால் தாலுகா ஆபீசில் கிராம வரைபடத்தையும் புல வரைபடத்தையும் எடுத்துப் பார். பெரும்பாலும் ஓடைப் புறம்போக்கு என்றுதான் இருக்கும், அப்படியானால் மூடுகிற பேச்சுக்கே இடமில்லை.

உன் ஊர் ஏரி கோடியிலும், அதாவது நிரம்பிய தண்ணி வழிகிற இடத்திலும், ஒரு கண் வை. இன்னும் கொஞ்சம் தண்ணி நிற்கட்டும் என்று கோடிமேல் மணல்மூட்டை அடுக்குகிற வழக்கம் பல ஊரில் இருக்கிறது. கோடியை உயர்த்தினால் கரை அந்த அளவுக்குத் தாழ்ந்தது என்று அர்த்தம். தண்ணீர் கரைமேல் வழிந்தால் மண்கரை நிற்காது. ஒரு ஏரி உடைந்தால் கீழே இருக்கிற ஏரிக்கு ஒரேயடியாகப் போய்ச் சேரும், அதுவும் தாங்காது. கரையின் வெளிப்பக்க அடியில் தெளிந்த கசிவு என்றால் கவனித்தால் போதும். கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிக்கிறது, எலிவளையோ பட்ட மரத்து வேரோ வழி கொடுத்திருக்கிறது. உடனே அந்த ஊற்றைச் சுற்றி மூட்டையை வட்டமாக அடுக்கி, உள்ளே தண்ணீர் ஏறவிடவேண்டும். ஓட்டையை நேராக அடைத்தால் பக்கத்தில் பிய்த்துக்கொள்ளும்.

அடியில் இறுகிய தட்டு உடைய, நிலத்தை உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் ஒருமுறை உழுதுவிடு, மூன்று வருசத்துக்குப் போதும். கோடை மழை பிடிப்பதற்குள் பள்ளத்தின் அகலம், ஆழம், அடிமட்டச் சரிவு மூன்றையும் ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய ட்யூபில் மட்டம் பார்ப்பது) பிடித்து அளந்து அனுப்பு. தரைப்பாலத்துக்கு எத்தனை அடி அகலம் வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
முனிரத்தினம்