கமாவை மூச்சுக்கு வைக்காதே, கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு,

டெபாசிட்டைத் திருப்பிக் கேட்டு வீட்டு ஓனருக்கு அனுப்பப் போவதாக நீ காட்டிய இங்கிலீஷ் கடிதத்தை நேற்று ராத்திரி இரண்டு தடவை படித்தேன். பிரிண்ட் எடுத்து, அச்சகத்தில் 30 வருஷம் புரூஃப் பார்த்த பழக்கத்தில் சிவப்பு மையால் திருத்தியும் வைத்திருக்கிறேன். ஸ்பெல்லிங் பிழை ஒன்றுகூட இல்லை. கமாதான் கவலையாக இருக்கிறது. டெபாசிட் நீ சிறுகச் சிறுகச் சேர்த்த பணம், அதனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இரண்டாவது பத்தியைப் பார். 'த டெனன்ட்ஸ்' என்று எழுதி ஒரு கமா, 'ஹூ பெய்ட் த டெபாசிட்' என்று எழுதி இன்னொரு கமா, அப்புறம் பணத்தைத் திருப்பிக் கேட்கிறாய். தமிழில் 'டெபாசிட் கட்டிய வாடகைதாரர்கள்' என்றால், கட்டியவர்கள் மட்டுமா, எல்லோருமே கட்டினார்களா என்பதை இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். இங்கிலீஷில் அதைக் கமா சொல்லிவிடும். இரண்டு பக்கமும் கமா இருந்தால் குடியிருக்கும் எல்லோருமே கட்டியவர்கள். இல்லாவிட்டால் கட்டியவர்கள் மட்டும். அங்கே நீங்கள் நான்கு பேர். கட்டியது நீயும் உன் தோழியும்தானே? இரண்டு கமாவையும் எடுத்துவிடு.

கமாவுக்கு ஒரு மாத்திரை நிறுத்து, முற்றுப்புள்ளிக்கு நான்கு மாத்திரை நிறுத்து என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். உனக்கும் நான் அதையே சொன்னேன். வாய்விட்டுப் படிக்க அது சரி. எழுதும்போது மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் கமா வைக்கக் கூடாது. 'மழை பெய்து, பஸ் தாமதமாகி, வீடு வந்து சேர ராத்திரியாகிவிட்டது' என்கிறோம். பெய்து, ஆகி என்று எச்சமாகவே போய், கடைசி வினைமுற்றில்தான் வாக்கியம் முடிகிறது. ஓலைச்சுவடியில் கமாவோ முற்றுப்புள்ளியோ இல்லாமலே நம் ஆட்கள் படித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இங்கிலீஷில் 'இட் ரெய்ன்ட்' என்றதுமே ஒரு வாக்கியம் முடிந்துவிட்டது. அதன் பின்னால் வெறும் கமா போட்டு 'த பஸ் வாஸ் லேட்' என்று ஒட்டக் கூடாது. புள்ளி வை, அல்லது செமிகோலன் (;) வை, இல்லையென்றால் கமாவோடு 'அண்ட்' சேர். உன் கடிதத்தில் இப்படி ஐந்து இடம் இருக்கிறது.

நீ இருக்கும் பாஸ்டனில்தான், 2017இல், மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு கமாவை வைத்துத் தீர்ப்பு எழுதியது. மெய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் டிரைவர்கள் ஓவர்டைம் கேட்டு வழக்குப் போட்டிருந்தார்கள். ஓவர்டைம் தரத் தேவையில்லாத வேலைகளை அந்த மாநிலச் சட்டம் வரிசையாகச் சொல்கிறது. டப்பாவில் அடைப்பது, உறையவைப்பது, உலர்த்துவது என்று போய், கடைசியில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று அப்போது இருந்தது. 'ஷிப்மென்ட்' என்ற சொல்லுக்கு அப்புறம் கமா இருக்கவில்லை. அனுப்பவோ விநியோகிக்கவோ பேக் செய்வது என்ற ஒரே வேலையா, பேக் செய்வது ஒன்று, விநியோகிப்பது வேறொன்று என்று இரண்டா? டிரைவர்கள் பாலை விநியோகித்தார்கள், பேக் செய்யவில்லை. அதனால் ஒரே வேலை என்றால் அவர்களுக்கு ஓவர்டைம் உண்டு, இரண்டு என்றால் கிடையாது. கீழ்க்கோர்ட் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. பாஸ்டன் நீதிபதிகளோ, பொருள் தெளிவாக இல்லை, அப்படியானால் தொழிலாளிக்குச் சாதகமாகத்தான் படிக்க வேண்டும் என்றார்கள். அடுத்த வருஷம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. சட்டத்தையும் செமிகோலன் போட்டுத் திருத்திவிட்டார்கள்.

பட்டியலின் கடைசிச் சொல்லுக்கு முன் கமா வேண்டாம் என்று அந்த மாநிலத்தின் சட்டம் எழுதும் கையேடே சொல்லியிருந்தது. விதிப்படி எழுதியும் பொருள் இரண்டாகிவிட்டது, பார். வீட்டில் என்னென்ன ரிப்பேர் என்று நீ எழுதியிருக்கும் பட்டியலில், கடைசி 'அண்ட்' வருவதற்கு முன் கமா போட்டுவிடு.

அப்புறம், 'டெனன்ட்ஸ் டெபாசிட்' என்பதில் அப்பாஸ்ட்ரபி (’) எஸ்ஸுக்கு முன்னால் வந்தால் ஒருவர் கட்டியது, பின்னால் வந்தால் பலர் கட்டியது. காதுக்கு இரண்டும் ஒன்றேதான். நீங்கள் இரண்டு பேர், அதனால் பின்னால் வை.

திருத்தியதைப் போட்டோ எடுத்து அம்மா போனிலிருந்து அனுப்புகிறேன். மாற்றி எழுதி, வீட்டு ஓனருக்கு அனுப்பும் முன் எனக்கு ஒரு தடவை காட்டு. ராத்திரி பதினொரு மணி வரை விழித்திருப்பேன், உனக்கு அப்போது மத்தியானம்தான்.

அன்புடன்,
அப்பா