என் வீட்டுப் படியேறி வந்த சபையாருக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும், வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளுக்கும் ஸ்தோத்திரம்.

கடந்த பதினொரு மாதங்களாக என் மனைவிக்கு வாரம் 3 முறை, முறைக்கு 4 மணி நேரம் டயாலிசிஸ் நடந்துவருகிறது. இந்நாட்களில் நீங்கள் செய்த உதவிகளுக்கு ஒவ்வொரு வீடாக வந்து நன்றி சொல்ல நேரம் வாய்க்கவில்லை. சிலரிடம் நன்றியோடு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது. ஆகவே இம்மடலை எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

நான் ஆறு ஆண்டுகளாக ஆலயத்துக்கு வராத காரணம் உங்களில் பலர் அறிந்ததே. கட்டட நிதி என் பொறுப்பில் இருந்தபோது, பணம் குறைகிறது என்ற பேச்சு கமிட்டியில் எழுந்தது. ரசீதுகளை எல்லாம் அடுக்கிக் காட்டி, கணக்கு சரியென்று முடிவான பிறகும், அந்தப் பேச்சைத் தொடங்கியவர் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. உண்மை தெரிந்தவர்களும் வாய் திறக்கவில்லை. இவர்கள் கும்பிடும் கடவுள் எனக்கு வேண்டாம் என்று அன்றே வெளியேறினேன். மனிதர் பெயரில் எழுத வேண்டிய பற்றுக் கணக்கை ஆண்டவர் பெயரில் எழுதிவைத்தேன்.

டயாலிசிஸ் தொடங்கிய இரண்டாம் வாரம், என்னைச் சந்தேகித்த அதே சகோதரரின் மனைவி தூக்குச்சட்டியோடு எங்கள் வாசலில் நின்றார். பொட்டாசியம் ஏறக்கூடாதென்பதால், காய்களைப் பொடியாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை முழுதும் வடித்துக் கொட்டிய பிறகே சமைக்க வேண்டும், உப்பும் பெயருக்குத்தான். என் மனைவி சொல்லச் சொல்ல அந்த அம்மா இவற்றையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். சிகிச்சை நாட்களில் அந்தத் தூக்குச்சட்டி இன்றுவரை தவறியதில்லை. அவருடைய கணவர் அந்தக் கணக்கைப் பற்றி இன்னமும் என்னிடம் பேசியதில்லை. ஆனால் சனிக்கிழமைதோறும் விடியற்காலை ஐந்து மணிக்குக் காரோடு வந்து காத்திருக்கிறார். அவருக்கு என் நன்றி முழுமையானது. அதில் நான் எதையும் பிடித்துவைக்கவில்லை.

குருவானவர் ஐயா வீட்டிலேயே நற்கருணை கொடுக்க வந்த அன்று, இந்தச் சபையின் கையிலிருந்து அதை வாங்க மனம் வரவில்லை என்று மறுத்தேன். அவர் கோபப்படாமல் அமர்ந்து ஒரு பழைய வரலாற்றைச் சொன்னார். கி.பி. 303இல் ரோமப் பேரரசில் கிறிஸ்தவர்கள்மீது தொடங்கிய உபத்திரவ காலத்தில், உயிருக்குப் பயந்து வேதப்பிரதிகளை அதிகாரிகளிடம் ஒப்படைத்த குருமாரும் இருந்தார்கள். அத்தகையவர்கள் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது என்று வட ஆப்பிரிக்காவில் ஒரு கூட்டம் தனிச்சபையாகவே பிரிந்துபோனது. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குப் பின் அவர்களுக்குப் பதில் சொன்ன பேராயர் அகஸ்டின், கை யாருடையதாயினும் ஞானஸ்நானம் கொடுப்பவர் கிறிஸ்துவே என்றார். ஐயா இவ்வளவுதான் சொன்னார். அன்று மாலை நான் நற்கருணை வாங்கினேன்.

அதன்பின் பேதுருவின் கதை எனக்கு வேறு விதமாக விளங்கிற்று. அவர் ஆண்டவரை மறுதலித்தது ஒரு கரிநெருப்பின் அருகே. உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் அவருக்காக மூட்டி வைத்திருந்ததும் கரிநெருப்பு; அதன்மேல் மீன் இருந்தது. "என்னை நேசிக்கிறாயா" என்ற கேள்வி சாப்பாட்டுக்குப் பிறகுதான் வந்தது. ஆறு ஆண்டுகள் அவரை மறுதலித்தவன் நான். எனக்கு அந்தச் சாப்பாடு தூக்குச்சட்டியில் வந்தது.

ரத்தம் கொடுத்த மூன்று தம்பிகளுக்கும், வாடகை வாங்க மறுத்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், இரவில் துணைக்கிருந்த உபதேசியார் குடும்பத்தாருக்கும் என் வணக்கமும் நன்றியும். உங்கள் எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தி, எல்லோரும் பொய்யர் என்று நான் பேசித் திரிந்ததற்காக என்னை மன்னியுங்கள்.

வரும் ஞாயிறு ஆராதனைக்கு நாங்கள் இருவரும் வருகிறோம். என் மனைவியின் இடக்கையில் டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயை இணைத்து அறுவை செய்திருக்கிறார்கள். ஆகவே சமாதானம் பகிரும் வேளையில் அந்தக் கையை அழுத்திப் பிடிக்காமல், வலக்கையை மட்டும் பிடிக்குமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

கர்த்தருக்குள்,
உங்கள் பழைய பொருளாளர்