டிரெய்லர் ஓட்டும் உறுப்பினர்கள் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஓடு முடிகிறது. அப்புறம் லோடுக்கு ஓட்டம்தான், நிற்க நேரமிருக்காது. அதனால் ஜூன் 7, ஞாயிறு காலை 7 மணிக்கு மண்டபம் ஸ்டாண்டில் வண்டிகளைப் பார்த்துவிடுவோம்.

1. பிக்கப்பில் டிரெய்லரை மாட்டியே கொண்டுவரவும்.

2. டிரெய்லரை வண்டியோடு பூட்டும் கொக்கிப் பின் (pin), செயின் கட்டாயம். போன வாரம் ஒரு தம்பியின் வண்டியில் பின்னுக்குப் பதில் கட்டுக்கம்பி! உப்புக்காற்றில் துருவேறி, தொட்டதும் கையோடு வந்துவிட்டது.

3. ஐஸ் பெட்டிகளை டிரெய்லரின் பின்பக்கம் குவிக்காதீர்கள். அச்சுக்குச் சற்று முன்னால் கனம் இருக்கட்டும். இல்லாவிட்டால் பாம்பன் பாலத்துக் காற்றில் வால் ஆடும். ஆடினால் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் ஆக்ஸிலேட்டரை மெதுவாக விடுங்கள்.

4. புதிதாக டிரெய்லர் இழுப்பவர்கள் தனியாகப் பாலம் ஏற வேண்டாம்.

வருபவர்கள் வெள்ளிக்குள் வண்டி எண்ணை இங்கே போடவும். கட்டைவிரல் மட்டும் காட்டினால் கணக்கில் வராது.