வீட்டுக் கடனோடு பிடித்த இன்சூரன்ஸ் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை வந்த காப்பீடு கேள்வி பதில் பகுதியைப் படித்தேன். பதில்களில் குறை இல்லை, ஆனால் ஜனங்கள் நிஜமாகக் கேட்கிற கேள்வி அதில் ஒன்றுகூட இல்லை. தாம்பரம் பக்கம் முடிச்சூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இன்சூரன்ஸ் பாலிசி பத்திரத்தை நகல் எடுக்க வருகிறவர்கள் மெஷின் ஓடுகிற நேரத்தில் என்னிடம் கேட்பதைத்தான் எழுதுகிறேன்.

அதிகம் பேர் கேட்பது இது: "லோன் போடும்போதே பேங்க்ல இன்சூரன்ஸ் பிடிச்சிட்டாங்களே, வீட்டுக்கு ஏதாவது ஆனா பணம் வரும்ல?" நானும் அப்படி நம்பினவன்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு அடையாறு பெருகி எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், வீட்டுக்குள் முழங்கால் வரை. பிரிட்ஜ் மிதந்து போய்ச் சமையலறை வாசலில் குறுக்கே சாய்ந்து கிடந்தது, மர பீரோ ஊறிப் பெருத்துக் கதவைத் திறக்கவே முடியாமல் உடைத்துத்தான் என் மனைவியின் புடவைகளை எடுத்தோம். வங்கிக் கிளையில் போய் நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது, கடனோடு சேர்த்துப் பிடித்த பெரிய தொகை என் உயிருக்கானது, நான் செத்தால் பாக்கிக் கடன் அடையும், அவ்வளவுதான். கட்டடத்துக்குச் சின்னதாக இன்னொரு பாலிசி இருந்தது. அதன் நகலை அன்றைக்குத்தான் முதன்முதலில் கண்ணால் பார்த்தேன். 'கட்டடம் மட்டும்' என்று இருந்தது. பூச்சுக்கும் வயரிங்குக்கும் கொஞ்சம் வந்தது, பிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் ஒரு பைசா இல்லை. ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன், கையெழுத்து என்னுடையது. ஆனால் பென்சிலில் டிக் அடித்த இருபது முப்பது இடத்தில் "இங்க போடுங்க சார், இங்க போடுங்க சார்" என்று வாங்கினால் யார்தான் படிப்பார்கள்?

இத்தனைக்கும் 2021 ஏப்ரலிலிருந்து பாரத் கிருஹ ரக்ஷா என்று வீட்டுக்கான பொதுவான பாலிசி இருக்கிறது. எந்தப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனியில் கேட்டாலும் அடிப்படை ஒன்றுதான். தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் அதில் அடக்கம். கட்டடத்தையும் பொருட்களையும் சேர்த்து எடுத்தால், பட்டியல் எதுவும் கொடுக்காமலேயே கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சத்துக்கு வீட்டுப் பொருட்களும் சேர்ந்துவிடும். நகைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மனையின் விலை இதில் வராது, இடிந்தால் திரும்பக் கட்டுகிற செலவுதான் கணக்கு. வாடகைக்கு இருப்பவர்கள் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம், இது பாதிப் பேருக்குத் தெரியாது. வங்கி கைகாட்டுகிற கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. உயிருக்கான பிரீமியத்தைக் கடனிலேயே ஏற்றிவிட்டால் அதற்கும் சேர்த்துத்தான் வருஷக்கணக்கில் வட்டி கட்டுகிறோம்.

அடுத்தது நாமினி, அதாவது நமக்குப் பிறகு பணத்தை வாங்க பாலிசியில் நாம் எழுதுகிற பெயர். போன வருஷம் ஒரு பெண், கையில் ஒரு வயதுக் குழந்தையோடு வந்தார். இறந்துபோன கணவர் கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த பாலிசி, நாமினி இடத்தில் மாமியார் பெயர். அந்த அம்மா இறந்து நான்கு வருஷம் ஆகிறதாம். கல்யாணம் ஆனதும் நாமினி தானாக மாறிவிடும் என்று நினைத்திருக்கிறார்கள். ஒரு படிவம் எழுதிக் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும், அதற்குப் பதிலாக வாரிசு சான்றிதழுக்கு அந்தக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீஸுக்கு எத்தனையோ நடை நடந்தார்.

அப்புறம் சுகர். விண்ணப்பத்தில் சுகர் இருக்கிறதா என்று கேட்கிற இடத்தில் "ஏஜென்ட் இல்லைன்னே போடச் சொன்னார்" என்பார்கள். ஆயுள் காப்பீட்டு பாலிசி எடுத்து மூன்று வருஷம் தாண்டிவிட்டால் எந்தக் காரணம் சொல்லியும் கம்பெனி அதைக் கேள்வி கேட்க முடியாது என்று இன்சூரன்ஸ் சட்டத்தின் 45ஆவது பிரிவு சொல்கிறது. அதற்குள் போய்விட்டால் மறைத்தது குடும்பத்தின் தலையில்தான் விடியும். பிரீமியம் கட்டாமல் லேப்ஸ் ஆகித் திரும்பப் புதுப்பித்தால் மூன்று வருஷம் முதலிலிருந்து ஓடும், இதை எந்த ஏஜென்ட்டும் வாயைத் திறந்து சொல்லி நான் கேட்டதில்லை.

கிளெய்ம் மறுத்துவிட்டால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் சென்னை தேனாம்பேட்டையில் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கிற ஓம்புட்ஸ்மேன் அலுவலகம் இருக்கிறது. 50 லட்சம் வரை விசாரிப்பார்கள், கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும், அது முக்கியம்.

தினமும் தங்கம் விலை போடுகிறீர்கள், ராசிபலன் போடுகிறீர்கள். வாரத்துக்கு ஒரு நாள் நான்கு வரி இதற்கும் ஒதுக்குங்கள். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கடைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறேன், ஆனால் சாரல் அடித்து மை கலங்கி இப்போது 'நாமினி' என்ற சொல் மட்டும்தான் தெரிகிறது.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர்,
முடிச்சூர்