குறுக்கிய பின் அச்சு: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் தேறி, மறுபடியும் வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கிறாய் என்று படித்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. வீட்டில் எல்லாரும் சுகம் என்பதிலும் சந்தோஷம். இங்கே நாங்களும் நலம்தான். பையனுக்குப் புது வேலை கிடைத்திருக்கிறது, அதனால் விடுமுறை நாளில்தான் எனக்குக் கை கொடுக்க முடிகிறது. என் வண்டியில் பாடி வேலை முடிந்துவிட்டது, பெயின்ட் பாக்கி. பின் அச்சைக் குறுக்கும் வேலை முழுதாக முடிந்து வண்டி ஓடுகிறது. நீ கேட்டதும் அதைப் பற்றித்தான் என்பதால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

பின்னால் அகலமான டயர் வேண்டும், அது மட்கார்டுக்கு வெளியே நீட்டக் கூடாது, அளவு கொடுத்துப் புதிதாகச் செய்து வாங்கப் பணம் இல்லை. இதுதானே உன் நிலைமை? அப்படியானால் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு ஆரம்பி. அச்சைக் குறுக்குவதில் ஹவுஸிங் என்ற வெளிக்கூட்டின் குழாயை வெட்டுவது மலிவான வேலை, அதற்குள் சுழன்று சக்கரத்தை ஓட்டும் ஆக்சில் ஷாஃப்ட்தான் செலவு. நமக்கு இந்த அகலம் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற ஷாஃப்ட்டைத் தேடினால் பணம் போய்க்கொண்டே இருக்கும். தொழிற்சாலையில் செய்த ஷாஃப்ட் எந்த நீளத்தில் சுலபமாகக் கிடைக்கிறது என்று முதலில் பார்த்து, ஹவுஸிங்கை அந்த நீளத்துக்கு வெட்டினால் கையைக் கடிக்காது. மிச்சம் இருக்கும் வித்தியாசத்தை ரிம்மில் சரிக்கட்டலாம்.

எப்படிச் சரிக்கட்டுவது என்று கேட்பாய். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மட்கார்டின் உள்ளே இடது டயரின் வெளிப்பக்கத்திலிருந்து வலது டயரின் வெளிப்பக்கம் வரை 68 அங்குலம் இருக்கலாம் என்று வைத்துக்கொள். டயர் 255 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய 10 அங்குல அகலம். 8 அங்குல ரிம் என்றால் அது டயர் உட்காரும் இடத்தின் அகலம். இரண்டு பக்க உதடுகளையும் சேர்த்தால் சுமார் 9 வரும். ரிம்மின் உள் உதட்டிலிருந்து போல்ட் முகம் வரை உள்ள ஆழத்தைத்தான் பேக்ஸ்பேஸிங் என்கிறோம். அது நாலரை அங்குலம் என்றால் போல்ட் முகம் சரியாக நடுவில் நிற்கும், டயர் அதற்கு வெளியே 5 அங்குலம் வரும். இரண்டு பக்கத்துக்கும் 10 கழித்தால், அச்சில் சக்கரம் உட்காரும் முகத்திலிருந்து மறுமுகம் வரை 58 அங்குலம் வேண்டும். அதே டயர், அதே மட்கார்டு, ஆனால் ரிம்மின் பேக்ஸ்பேஸிங் ஐந்தரை என்றால் டயர் வெளியே 4 அங்குலம்தான் வரும். அப்போது 60 அங்குல அச்சே போதும். ரிம்மில் ஓர் அங்குலம் மாறினால் அச்சில் இரண்டு அங்குலம் மிச்சம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு, வெட்டவே வேண்டாம் என்று தெரிந்தாலும் தெரியும். அதைவிட மலிவான வழி வேறென்ன இருக்கிறது?

அளவெடுக்கும்போது வண்டியின் பாரம் முழுவதும் ஸ்பிரிங்கில் இருக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி வைத்து எடுத்த அளவு பயன்படாது. மட்கார்டு விளிம்பிலிருந்து இரண்டு பக்கமும் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, தரையில் கோடு போட்டு அளந்து பார், வண்டியின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை என்பது அப்போதுதான் தெரியும். பழைய வண்டிகள் பலவற்றில் பாடி சேஸிஸின் நடுவில் சரியாக உட்காருவதில்லை. டயருக்கு உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஓர் அங்குலமாவது இடைவெளி விடு. வளைவில் திரும்பும்போது பாடி ஒரு பக்கம் சாய, அச்சு மறுபக்கம் சாயும், டயரும் பிதுங்கும். அப்புறம், முகத்துக்கு முகம் அளக்கும்போது பிரேக் டிரம் அல்லது டிஸ்க்கை மாட்டிவிட்டு அதன் மேல் அள. அதன் தடிமனும் சக்கரத்தை வெளியே தள்ளும்.

இனி ஷாஃப்ட். நீ எழுதியிருந்தாயே, நடுவில் வெட்டிக் குறுக்கி வெல்டிங் வைத்தால் என்ன என்று. தயவுசெய்து அந்த எண்ணத்தை விட்டுவிடு. ஷாஃப்ட்டின் மேல்தோலை மின்தூண்டல் முறையில் சூடாக்கிக் கடினப்படுத்தியிருப்பார்கள். முறுக்கு விசை அதிகம் தாக்குவது அந்தத் தோலில்தான். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தக் கடினம் போய்விடும், ஓரத்தில் நொறுங்கும் தன்மையும் வரும். உன் காரில் குடும்பமும் உட்காரப் போகிறது. சரி, நுனியை வெட்டிவிட்டு, அச்சின் நடுவில் இருந்து இரண்டு ஷாஃப்ட்டையும் சுழற்றும் டிஃபரன்ஷியலில் கோக்கும் ஸ்ப்ளைன் பல்லைப் புதிதாக வெட்டினால்? அதை எல்லா ஷாஃப்ட்டிலும் செய்ய முடியாது. பல ஷாஃப்ட்டுகள் ஸ்ப்ளைனுக்குப் பின்னால் மெலிந்து போகும், அந்த மெலிந்த இடத்தில் பல் வெட்டத் தடிமன் போதாது. தடிமன் இருந்தாலும் கடினமான தோலில் சாதாரணக் கட்டர் ஏறாது.

அதனால்தான் நான் ஃபோர்டு 8.8 பக்கம் போனேன். 1995 முதல் 2001 வரை வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் பின் அச்சு அது. 8.8 என்பது டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் விட்டம், அங்குலத்தில். ஷாஃப்ட்டில் 31 ஸ்ப்ளைன், பின்னால் டிஸ்க் பிரேக், ஐந்து போல்ட், போல்ட் வட்டம் நாலரை அங்குலம். இவ்வளவும் காயலான் கடையில் ஒரே பொருளாகக் கிடைக்கிறது. இதன் அருமை என்னவென்றால், டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாமல் வலது பக்கம் தள்ளி இருக்கும். அதனால் வலது ஷாஃப்ட் குட்டை, இடது ஷாஃப்ட் நெட்டை, வித்தியாசம் ஏறக்குறைய 3 அங்குலம். இடது குழாயை அந்த வித்தியாசத்துக்குச் சரியாக வெட்டிக் குறுக்கிவிட்டு, இன்னொரு எக்ஸ்ப்ளோரரிலிருந்து வலது ஷாஃப்ட் ஒன்றை எடுத்து இடது பக்கம் போட்டால் வேலை முடிந்தது. ஷாஃப்ட்டில் ஒரு கீறல்கூடப் போட வேண்டாம். முகத்துக்கு முகம் சுமார் 59.5 அங்குலமாக இருந்தது 56.5 பக்கம் வரும், கிரவுன் வீலைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனும் ஏறக்குறைய நடுவுக்கு வந்துவிடும். நாளைக்கு ஷாஃப்ட் கெட்டுப்போனாலும் மாற்றுப் பொருள் எளிதாகக் கிடைக்கும், இரண்டு பக்கத்துக்கும் ஒரே பொருள். வெட்டுவதற்கு முன் உன் கையில் இருக்கும் இரண்டு ஷாஃப்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீயே அளந்துகொள், யார் சொன்ன அளவையும் நம்பி வெட்டாதே, என் அளவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஃபோர்டு 9 அங்குல அச்சு வேண்டாமா என்று கேட்டிருந்தாய். 1957 முதல் 1986 வரை வந்தது, பலத்தில் குறை சொல்ல முடியாது. பினியனின் நுனிக்கும் தனி பேரிங் உண்டு. டிஃபரன்ஷியல் முழுவதும் முன்பக்கமாகக் கழன்று கையில் வந்துவிடும், பல் விகிதம் மாற்ற வேண்டுமென்றால் அது பெரிய வசதி. ஷாஃப்ட்டைப் பிடித்திருப்பதும் வெளிப்பக்க பேரிங்தான். 8.8இல் உள்ளே சி கிளிப் என்ற C வடிவ வளையம் ஒன்று பிடித்திருக்கும், ஷாஃப்ட் உடைந்தால் சக்கரத்தோடு வெளியே நழுவப் பார்க்கும். இந்த ஒரு விஷயத்தில் 9 அங்குலம்தான் மேல். ஆனால் அதைக் குறுக்கினால் பெரும்பாலும் அளவு கொடுத்து ஷாஃப்ட் செய்து வாங்க வேண்டிவரும். பந்தயப் பாதையில் ஓடும் வண்டி என்றால் அதற்குப் பணம் சேர்த்து வை என்பேன். உன் எஞ்சினுக்கும் நீ ஓட்டும் விதத்துக்கும் 8.8 தாராளம்.

வேலையின் வரிசையைத்தான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லாரும் முதலில் குழாயை வெட்டித்தான் ஆரம்பிக்கிறார்கள். உண்மையில் குழாய் முனையை நிரந்தரமாக வெல்டிங் வைப்பது கடைசி வேலையாக இருக்க வேண்டும். வெல்டிங் ஆறும்போது சுருங்கி, எந்தப் பக்கம் வைத்தோமோ அந்தப் பக்கம் குழாயை இழுக்கும். ஸ்பிரிங் உட்காரும் தட்டு, ஷாக் அப்சார்பர் பிராக்கெட் எல்லாம் குழாயின் ஒரு பக்கத்தில் வருபவை, ஆகவே ஒவ்வொன்றும் அச்சை வளைக்கும். முனையை நேராக வைத்த பிறகு அவற்றை வைத்தால் நேராக்கியது வீண். அதனால் முதலில் முனைகளைப் பொட்டு வெல்டிங்கில் மட்டும் பிடித்து, அச்சை வண்டிக்கு அடியில் ஏற்றி, சக்கரம் மாட்டி, வண்டியின் பாரத்தை இறக்கி, பினியன் கோணம் வைத்து, ஸ்பிரிங் தட்டுகளையும் பொட்டு வைத்துக் குறித்துக்கொள். பிறகு இறக்கி, தட்டுகளை முழுதாக வெல்டிங் வை. முனைகளை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கோணம் பற்றி உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். கியர்பாக்ஸின் பின் நுனி கீழ்நோக்கி 3 டிகிரி சாய்ந்திருந்தால் பினியன் மேல்நோக்கி அதே 3 டிகிரி பார்க்க வேண்டும், இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும். அப்போதுதான் கியர்பாக்ஸையும் பினியனையும் இணைக்கும் தண்டின் இரு முனை மடக்குகளான யூ ஜாயின்ட்டுகளின் வேக ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று ஈடுகட்டும், அதிர்வு வராது. நம் வண்டிகள் பட்டை ஸ்பிரிங் வண்டிகள். ஆக்சிலரேட்டரை மிதித்தால் பட்டை முறுக்கிக்கொண்டு பினியன் மூக்கு மேலே ஏறும். ஆகவே நிற்கும்போது ஒன்றிரண்டு டிகிரி தாழ்த்தி வைத்துவிடு.

குழாய் முனைகளை நேராக நிறுத்த ஒரு நீளக் கம்பி வேண்டும். நன்றாக அரைத்த ஒன்றேகால் அங்குல எஃகுத் தண்டு ஒன்று, அலுமினியத்தில் கடைந்த நான்கு வட்டுகள். இரண்டு வட்டு டிஃபரன்ஷியலின் உள்ளே பேரிங் உட்காரும் இடத்தில், இரண்டு குழாய் முனையின் பேரிங் வாயில். தண்டு நான்கின் வழியாகவும் போகும், முனைகள் தானாகவே ஒரே கோட்டில் நிற்கும். விலைக்கு வாங்கினால் கட்டுப்படியாகாது. லேத் வைத்திருக்கும் தெரிந்தவரிடம் உன் ஹவுஸிங்கைக் கொண்டுபோய், அதன் வாய் அளவுக்கே வட்டு கடைந்து வாங்கிக்கொள். தண்டை இரவல் கேட்டாலும் தவறில்லை, என்னுடையது சும்மாதான் இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன். முனையை வெட்டும் முன் குழாயின் நீளவாக்கில் ஆழமாக ஒரு கோடு கிழித்துவிடு. இல்லையென்றால் பிரேக் பிராக்கெட் எந்தப் பக்கம் பார்த்தது என்று பிறகு தெரியாது. வெல்டிங்கைச் சின்னச் சின்ன துண்டாக வை. மேலே ஒன்று, நேர் கீழே ஒன்று, முன்னே ஒன்று, பின்னே ஒன்று, நடுவே ஆறவிடு. அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றாதே. முழுதும் ஆறிய பிறகு தண்டு கையால் சுழல வேண்டும், கையால் உருவி எடுக்க வர வேண்டும். இறுகினால் குழாய் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று பார்த்து, எதிர்ப்பக்கம் சூடு கொடுத்து இழு. 8.8இல் பேரிங்கின் உருளைகள் ஷாஃப்ட்டின் மேலேயே நேராக ஓடுகின்றன. குழாய் கொஞ்சம் வளைந்திருந்தாலும் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிரும், ஷாஃப்ட்டின் மேல்பரப்பு தேயும், ஆயில் சீல் கசியும். கசிந்த ஆயில் நேராக பிரேக்குக்குத்தான் போகும்.

இந்த அச்சில் நடுப்பகுதி வார்ப்பிரும்பு, குழாய்கள் அதில் அழுத்திச் செருகிப் பொட்டு வெல்டிங்கில் நிற்பவை. எஞ்சின் பலமாக இருந்தால் குழாய் அதற்குள் சுழன்றுவிடும். சுற்றிலும் வெல்டிங் வைப்பது நல்லது, ஆனால் வார்ப்பிரும்பு என்பதால் முன்கூட்டியே சூடாக்கி, நிக்கல் ராடு போட்டு, மெதுவாக ஆறவிட வேண்டும். இது நீயும் நானும் செய்யும் வேலை இல்லை, கை தேர்ந்தவரிடம் கொடு. குழாயின் உள்ளே பல வருஷ கியர் ஆயில் ஊறியிருக்கும், அதை நன்றாகக் கழுவாமல் வெல்டிங் வைத்தால் ஓட்டை ஓட்டையாக வரும். கழுவுவதற்கு குளோரின் கலந்த பிரேக் கிளீனரைத் தொடவே தொடாதே. அது வெல்டிங் சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும், உயிருக்கே ஆபத்து. சோப்புத் தண்ணீரும் வெந்நீரும் போதும், நன்றாகக் காயவிட்டுவிடு.

சிக்கனம் என்றாயே, என் பட்டியலில் இதெல்லாம் பழையதாகவே இருக்கலாம்: ஹவுஸிங், ஷாஃப்ட், கிரவுன் பினியன், பிரேக் காலிப்பர். ஷாஃப்ட்டில் பேரிங் ஓடும் இடம் மட்டும் விரல் நகத்தில் தடவினால் வழுவழுவென்று இருக்க வேண்டும். பேரிங், சீல், பிரேக் பேட், பிரேக் ஹோஸ் இவை புதிது. இவற்றில் மிச்சம் பிடிக்காதே. பல் விகிதம் 3.55, 3.73, 4.10 என்று கிடைக்கும். உன் டயர் உயரத்துக்கு 3.73 சரியாக வரும் என்று நினைக்கிறேன். இரண்டு சக்கரத்தையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றி, பினியன் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணினால் கடையிலேயே தெரிந்துவிடும்.

அடுத்த கடிதத்தில் மூன்று அளவு எழுது: மட்கார்டு உள்பக்கம், பட்டை ஸ்பிரிங் வெளிப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம், இப்போதிருக்கும் ரிம்மின் பேக்ஸ்பேஸிங். கணக்கைப் போட்டு வைக்கிறேன். தண்டை எந்த முகவரிக்கு அனுப்புவது என்றும் சொல். வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்